நிலுவையில் உள்ள மூன்றாம் பீரியடு

நான் சொல்லப்போவதில் ஒரே ஒரு எழுத்து பொய்யாக இருந்தாலும் என் இரண்டு காதும் அடைத்துப்போகட்டும். என் மருமகள் பேசுவது மட்டும் கேட்கட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் எனக்குத் தெரியாது. அப்படியும் நம்பாதவர்கள் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போய், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம். பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து இருக்கும். பதினாறு வருஷமாக அந்தக் கழகத்துக்கு நான்தான் துணைத்தலைவர். தலைவர் கூட்டத்துக்கு வரமாட்டார், உறுப்பினர்களும் வரமாட்டார்கள். நான் தவறாமல் போவேன். கூட்டம் நடக்கும் தலைமையாசிரியர் அறையில் மின்விசிறி நன்றாக ஓடும்.

எங்கள் பள்ளியில் மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே கம்பியில் தொங்கும். அதைச் சுத்தியலால் அடிப்பதற்கென்றே அரசாங்கம் ஒருவரை நியமித்திருந்தது. மணிக்காரர் என்றால் ஊருக்கே தெரியும். முப்பத்தொரு வருஷம் அடித்தவர், போன வருஷம் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாம் மாதம் ஓய்வுபெற்றார். ஓய்வு ஆணையில், ‘மேற்படியார் இன்று முற்பகல் 11.10 மணிக்குப் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்’ என்று இருந்தது. ஏன் 11.10 என்று யாருக்கும் விளங்கவில்லை. தட்டச்சு செய்தவர் அந்த நேரம் பார்த்துத் தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்திருக்கலாம்.

வேறு பள்ளியாக இருந்தால் சாயங்காலம் வரை அடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் பள்ளியில் தலைமை எழுத்தர் இருக்கிறார். எந்த விதிக்கும் ஒரு சந்து உண்டு என்பார்கள். அந்தச் சந்துகளையெல்லாம் செங்கல் வைத்து அடைக்கப் பிறந்த மனிதர் அவர். சரியாக 11.10-க்குச் சுத்தியலை வாங்கி, எடை போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினார். மணிக்காரருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்து, நான்கு பேர் பேசி, எல்லாரும் கைதட்டி முடித்தபோது 11.30. மூன்றாம் பீரியடு முடியவேண்டிய நேரம்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். எதைச் சொன்னாலும் “ஆகட்டும்” என்பார். அதனால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயரே ஆகட்டும் சார்.

“மணிக்காரரே, போறதுதான் போறீங்க, ஒரு தட்டு தட்டிட்டுப் போங்களேன்” என்றார் அவர்.

“அவரு இப்ப வெளியாள் சார்” என்றார் தலைமை எழுத்தர். “வெளியாள் பள்ளிச் சொத்துல கை வெச்சா அத்துமீறல்.”

“ஆகட்டும். அப்ப நான் தட்டிடறேன்.”

“நீங்க தட்டினா, நீங்களா விரும்பி மணியடிக்கிற பதவிக்கு இறங்கினதா ஆயிடும். தலைமையாசிரியர் நாற்காலி காலின்னு நான் மேலே எழுதியாகணும்.”

ஆகட்டும் சார் இரண்டு கையையும் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். இன்றுவரை அந்தத் தண்டவாளத் துண்டைக் கடக்கும்போது கையை வெளியே எடுப்பதில்லை.

“அப்ப நீங்க அடிங்களேன்” என்றேன் நான்.

“எனக்கு அது மேல்பதவியா கீழ்பதவியான்னு தெளிவுரை வேணும் பெரியவரே. எழுதிக் கேட்போம். அதுவரைக்கும் விதி இதுதான்.” பழுப்பேறிய ஒரு புத்தகத்தை விரித்து வாசித்தார்: “‘ஒவ்வொரு பாடவேளையும், அதற்கென நியமிக்கப்பட்டவர் அடிக்கும் மணியால் மட்டுமே முடிவுறும்.’ ஆள் இல்ல, மணி இல்ல. மணி இல்ல, முடிவு இல்ல. மூணாம் பீரியடு நடந்துக்கிட்டிருக்கு.”

அதற்கு முந்தின வருஷம் ஒரு டீச்சர் தன் கைக்கடிகாரத்தை நம்பி மூன்று நிமிஷம் முன்னதாக வகுப்பை விட்டு வந்து, ஆறு மாதம் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார். அதனால் ஆசிரியர்கள் யாரும் வகுப்பை விட்டு அசையவில்லை.

பன்னிரண்டரைக்குப் பிள்ளைகளுக்குப் பசித்தது. தலைமை எழுத்தர் கல்நெஞ்சக்காரர் அல்ல. பீரியடு நடக்கும்போதே இயற்கை அழைப்புக்காக அனுமதி பெற்று வெளியே போகலாம் என்று விதி இருக்கிறது. பசியும் இயற்கைதான் என்று குறிப்பெழுதிக் கொடுத்தார். முந்நூற்று நாற்பது பிள்ளைகள் ஒவ்வொருவராக விரலைத் தூக்கி அனுமதி கேட்டுச் சாப்பிடப் போனார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போவதற்கும் வழி இருந்தது. காவலாளியின் பணிநேரம் நாலரைக்கு முடிகிறது. கேட்டைப் பூட்டியாக வேண்டும். பூட்டிய பிறகு உள்ளே இருப்பவர்கள் திருடர்கள். எனவே எல்லாரும் வெளியேறலாம். ஆனால் பீரியடு முடிந்ததாக அர்த்தமில்லை. நிலுவையில் இருக்கிறது. மறுநாள் காலை வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கவேண்டும்.

தொடங்கினார்கள். அடுத்த நாளும், அடுத்த வாரமும், அடுத்த மாதமும்.

மணி நின்ற அந்த நேரத்தில் எந்த வகுப்பில் என்ன நடந்துகொண்டிருந்ததோ அதுதான் அந்த வகுப்பின் தலையெழுத்து. பத்தாம் வகுப்பு அ பிரிவில் வரலாறு. வரலாற்று டீச்சர் பதினோரு நாளில் புத்தகத்தை முடித்துவிட்டார். பிறகு கற்காலத்திலிருந்து மறுபடி ஒரு சுற்று வந்தார். அதுவும் முடிந்து, நேற்று நடந்தது வரைக்கும் சொல்லி, வேறு வழியில்லாமல் தன் மாமியார் வீட்டு வரலாற்றை எடுத்தார். அதில் படையெடுப்புகள் அதிகம். பிள்ளைகள் ஆர்வமாகக் குறிப்பெடுத்தார்கள். ஒன்பதில் அறிவியல். ஏழில் ஆங்கிலம். ஆறில் கணக்கு. ஆறாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் நிறுத்தத் தெரியாதவர். நிறுத்துவதற்கு மணியும் இல்லை. ஆறாவது, ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது கணக்குகளை வரிசையாக முடித்துப் பத்தாவதுக்குள் நுழைந்துவிட்டார். பால்பல் விழுந்த பிள்ளைகள் முக்கோணவியல் போட்டுக்கொண்டிருந்தன.

எட்டாம் வகுப்பின் கதைதான் பரிதாபம். தமிழாசிரியர் அன்றைக்கு ஒருநாள் லீவு. மறுநாள் வந்தவரைத் தலைமை எழுத்தர் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“மூணாம் பீரியடுக்கு நீங்க லீவு சொல்லியிருக்கீங்க ஐயா. அது முடியற வரைக்கும் லீவுலதான் இருக்கீங்க. வகுப்புக்குள்ள போகக்கூடாது.”

அவரும் தினமும் ஒன்பதரைக்கு வந்து, புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு லீவில் இருந்துவிட்டு, நாலரைக்கு வீடு போனார்.

பத்தாம் வகுப்பு ஆ பிரிவில் விளையாட்டு.

நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஒரு பந்து. அந்தப் பந்திலும் காற்று இல்லை. பம்பு இருக்கிற பீரோவில்தான் சுத்தியலும் இருந்தது. இருந்தாலும் முதல் ஒரு மாதம் சொர்க்கமாகப் போயிற்று. அந்த வகுப்பில்தான் அவள் இருந்தாள். எதற்கெடுத்தாலும் எழுந்து நின்று, “சார், ஒரு சந்தேகம்” என்பாள். ஆகவே பெயரே சந்தேகம். அப்பா இல்லை. அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாள். அம்மாவுக்கும் மகளுக்கும் ஓர் உடன்படிக்கை இருந்தது: பத்தாவது பாஸ் பண்ணினால் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் படிக்கலாம், இல்லையென்றால் பேச்சே கிடையாது, மெஷினில் உட்காரவேண்டும். அரசுப் பொதுத்தேர்வு எழுதவேண்டிய பெண், காற்றில்லாத பந்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

அவள் முதலில் போனது தலைமையாசிரியர் அறைக்கு. நானும் மின்விசிறிக்காக அங்கேதான் இருந்தேன்.

“சார், ஒரு சந்தேகம். பரீட்சையில விளையாட்டுக்குக் கேள்வி வருமா?”

“வராதும்மா.”

“கணக்கு, அறிவியலுக்கெல்லாம்?”

“வரும்.”

“அது எங்களுக்கு எப்ப நடக்கும்?”

“நாலாம் பீரியடுல நடக்கும்மா. ஆகட்டும், போ.”

“நாலாம் பீரியடு எப்ப சார் வரும்?”

ஆகட்டும் சார் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். “மேலே எழுதியிருக்கோம்” என்றார் தலைமை எழுத்தர். பதிலும் வந்திருந்தது: ‘தங்கள் கடிதத்தில் குறிப்பிட்ட மூன்றாம் பாடவேளை எந்த ஆண்டைச் சேர்ந்தது எனத் தெரிவிக்கவும்.’

அடுத்து அவள் இதை மாணவர் மன்றத்தில் எழுப்பிப் பார்த்தாள். மன்றத் தலைவன் அவள் வகுப்புப் பையன்தான். மைக் என்று பெயர். மைக் இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும்.

“தோழர்களே, விளையாட்டு பீரியடுன்னாலே கணக்கு வாத்தியார் வந்து பிடுங்கிக்கற காலம் ஒண்ணு இருந்துச்சு. இன்னைக்கு வருஷம் முழுக்க நமக்கு விளையாட்டு. இது நாம போராடிப் பெற்ற உரிமை.”

“எப்படா போராடினே?” என்று கேட்டாள் சந்தேகம்.

“மனசுக்குள்ள போராடினேன்.”

வகுப்பில் நடந்த வாக்கெடுப்பில் நாற்பத்தொன்றுக்கு ஒன்று. அவள் தோற்றாள்.

கடைசியாக மணிக்காரர் வீட்டுக்கே போய்க் கேட்டாளாம். “நான் வந்து அடிக்கலாம்மா. ஆனா நான் அடிச்சா இனிமே அது சத்தம்தான், மணி இல்ல” என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தவள் நேர அட்டவணைப் பலகை முன்னால் வெகுநேரம் நின்றாள். மறுநாள் தலைமை எழுத்தரிடம் போனாள்.

“சார், ஒரு சந்தேகம். மேல் வகுப்புக்கு ஏத்தறதுக்கு விதி இருக்கு. கீழ் வகுப்புக்கு இறங்கணும்னா?”

தலைமை எழுத்தரின் முகம் பிரகாசமாயிற்று. இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. தூசி தட்டித் தேடி ஒரு படிவத்தை எடுத்தார்: ‘தானே முன்வந்து கீழ்நிலை வகுப்புக்கு இறங்குவதற்கான விண்ணப்பம்.’ அச்சடித்த நாளிலிருந்து ஒரு பிரதிகூடச் செலவாகவில்லை. பெற்றோர் கையெழுத்து மட்டும் வேண்டும்.

அம்மாக்காரி மெஷினை நிறுத்திவிட்டுக் கத்தியது எங்கள் தெருவுக்கே கேட்டது. “ஊர்ப் பிள்ளைங்கல்லாம் மேல ஏறுதுங்க. நீ மட்டும் ஏன்டி கிணத்துக்குள்ள இறங்கற மாதிரி இறங்கற?”

“தண்ணி கீழதானேம்மா இருக்கு” என்றாள் மகள்.

கையெழுத்துக் கிடைத்தது. சந்தேகம் ஒன்பதாம் வகுப்புக்கு இறங்கினாள். அங்கே அறிவியல் டீச்சர் ஒன்பதை முடித்துப் பத்தாவது பாடத்தில் பாதி தூரம் வந்திருந்தார். இரண்டு மாதத்தில் அதை முடித்துக்கொண்டு எட்டுக்கு இறங்கினாள். எட்டில் ஆசிரியர் இல்லை. ஆனால் புங்கமரம் இருந்தது. லீவில் இருப்பவர் பாடம் நடத்தக்கூடாது, அரட்டை அடிக்கலாம். தமிழாசிரியர் பத்தாம் வகுப்பு இலக்கணம் முழுவதையும் அவளிடம் அரட்டையடித்துத் தீர்த்தார். பிறகு ஏழு, ஆங்கிலம். பிறகு ஆறு, கணக்கு. வரலாற்றுக்கு மட்டும் அவள் எங்கும் இறங்கவில்லை. டீச்சர் குரல் மைதானம் வரை கேட்கும், ஓடும்போதே எல்லாம் மனப்பாடமாகியிருந்தது. டீச்சரின் நாத்தனார் வரைக்கும்.

ஒவ்வொரு முறையும் தலைமை எழுத்தர் பழைய பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்து, புதியதில் எழுதி, கீழே ஒப்பமிட்டார். அப்படி ஒரு திருப்தியை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

இந்தச் சமயத்தில்தான் மாவட்டக் கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்தார். அந்த வருஷம் இலாகாவில் புதுமை என்றொரு காய்ச்சல் பரவியிருந்தது. பள்ளிக்கு ஒரு புதுமை என்று மாதக் கடைசிக்குள் மேலே அனுப்பவேண்டும். அனுப்பாதவர்களை மலைப்பகுதிக்கு மாற்றினார்கள். அதிகாரி ஒவ்வொரு வகுப்பாக எட்டிப் பார்த்தார்.

“காலையில பார்த்தேன் கணக்கு. மத்தியானமும் கணக்கு. இப்பவும் கணக்கு. என்னய்யா இது?”

ஆகட்டும் சார் மறுபடியும் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டார். தலைமை எழுத்தர்தான் முன்னால் வந்தார். “ஆழக் கற்றல் சார். ஒரே பாடம், ஒரே பீரியடு.”

“மணி?”

“குழந்தைகளோட கவனத்தைக் கலைக்குதுன்னு நிறுத்திட்டோம் சார்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதைத்தான்யா நான் இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தேன்.”

ஒரே வாரத்தில் பள்ளி வாசலில் பெரிய பதாகை: ‘ஒற்றைப் பாடவேளைத் திட்டம் — மாவட்டத்தின் முன்மாதிரிப் பள்ளி.’ பெற்றோர் ஆசிரியர் கழகம் பாராட்டித் தீர்மானம் போட்டது. போட்டது நான்தான். ஊரிலும் தொற்றிக்கொண்டது. டை கட்டுகிற தனியார் பள்ளி, தன் மின்சார மணியைக் கழற்றிவிட்டு ‘மணியில்லா வளாகம்’ என்று பலகை மாட்டியது. கடைத்தெரு டியூஷன் சென்டரில், ‘உங்கள் பிள்ளைகளின் மற்ற பீரியடுகள் இங்கே நடத்தப்படும்’ என்று எழுதிப்போட்டார்கள். கல்யாண வீட்டில் இரண்டு தாய்மார்கள் சந்தித்தால், “உங்க பிள்ளை எந்தப் பீரியடுல இருக்கான்?” என்று விசாரிக்கும் அளவுக்கு ஆயிற்று.

தேர்வு வந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நுழைவுச் சீட்டு கொடுத்தார்கள். சந்தேகம் கையை நீட்டினாள்.

“நீ ஆறாவதும்மா” என்றார் தலைமை எழுத்தர்.

“பாடமெல்லாம் எனக்குத்தான் சார் தெரியும்.”

“சீட்டு, பாடம் தெரிஞ்சவங்களுக்கு இல்ல. பதிவேட்டுல இருக்கறவங்களுக்கு.”

அன்றைக்கு அந்தப் பெண் அழுதாள். நான் பார்த்தேன். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஒரு சந்தேகம்” என்றாள். “பள்ளிக்கூடமே போகாதவங்க எழுதணும்னா?”

“தனித்தேர்வர். வயசு மட்டும் சரியா இருந்தா போதும்.”

பக்கத்து ஊர் மையத்தில் தனித்தேர்வராக, மளிகைக்கடைக்காரர்களுக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து எழுதினாள்.

முடிவுகள் வந்தன. அ பிரிவு முழுவதும் வரலாற்றில் நூறு, மற்றவற்றில் பூஜ்ஜியம். அறிவியல் தாளிலும் அவர்கள் படையெடுப்புகளைத்தான் எழுதியிருந்தார்கள். ஆ பிரிவில் தேறியவர் யாருமில்லை. ஆனால் தேர்வறைக்கு எல்லாரையும்விட வேகமாக வந்து சேர்ந்தது அவர்கள்தான். சந்தேகம் ஐந்நூற்றுக்கு நானூற்று எழுபத்தெட்டு.

மாவட்ட அதிகாரி பதறிக்கொண்டு வந்தார். முன்மாதிரிப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் ஒருவர்கூடத் தேறவில்லை என்றால் மலைப்பகுதிதான். தலைமை எழுத்தர் ஆறாம் வகுப்புப் பதிவேட்டை மெல்ல அவர் முன்னால் நகர்த்தினார். அதிகாரி படித்தார். இன்னொரு முறை படித்தார். மறுநாள் பத்திரிகையில் வந்தது: ‘ஒற்றைப் பாடவேளைத் திட்டத்தின் மகத்தான வெற்றி. ஆறாம் வகுப்பு மாணவி பத்தாம் வகுப்புத் தேர்வில் சாதனை.’ படத்தில் பொடிப்பிள்ளைகளுக்கு நடுவே அவள் பனைமரம் மாதிரி நின்றாள். ஆறாம் வகுப்பிலேயே இந்த உயரமா என்று சுகாதார இலாகா அதைத் தன் ஊட்டச்சத்துத் திட்டத்தின் வெற்றியாகத் தனியே அறிவித்தது. பள்ளிக்குக் கேடயம் வந்தது. ஊரே கைதட்டியது.

மேல்நிலைப் பள்ளியில் சேர மாற்றுச் சான்றிதழ் வேண்டும். அவள் வந்து நின்றபோது அறையில் நான்கு பேர் இருந்தோம்: ஆகட்டும் சார், தலைமை எழுத்தர், கேடயத்தோடு படம் எடுத்துக்கொள்ள வந்த அதிகாரி, நான்.

“தர்றேனே” என்று தலைமை எழுத்தர் எழுதி நீட்டினார். ‘ஆறாம் வகுப்பு தேர்ச்சி. ஏழாம் வகுப்பில் சேரத் தகுதியுடையவர்.’

அவள் அதை வாங்கவில்லை. அங்கே கிடந்த ஆறாம் வகுப்புப் பதிவேட்டைத் திறந்து, அட்டையின் உள்பக்கத்தில் அச்சிட்டிருந்ததை நிதானமாகப் படித்தாள். “‘பாடவேளை நடந்துகொண்டிருக்கும்போது இப்பதிவேட்டில் எத்திருத்தமும் செய்யலாகாது, செய்தால் செல்லாது, செய்தவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’ சார், ஒரு சந்தேகம். நீங்க என் பேரை அடிச்சு அடிச்சு மாத்தினப்ப என்ன பீரியடு நடந்துக்கிட்டிருந்துச்சு?”

தலைமை எழுத்தர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். சந்து அடைப்பவர் தன்னை உள்ளே வைத்துச் சுவர் எழுப்பியிருந்தார்.

“அப்ப நான் எங்கயும் இறங்கவே இல்லையே சார். இன்னும் பத்தாவது ஆ பிரிவுலதானே இருக்கேன்.”

“ஐயோ, அப்படிச் சொல்லாதேம்மா” என்றார் அதிகாரி. “நீ பத்தாவதுன்னா கேடயம் போச்சு.”

“ஆறாவதுன்னா என் படிப்பு போச்சு சார்.”

கடைசியில் அதிகாரி கதவைச் சாத்தச் சொன்னார். தலைமை எழுத்தர் தன் அழகான கையெழுத்தில் ‘பத்தாம் வகுப்பு ஆ பிரிவு’ என்று ஒரு சான்றிதழ் எழுதினார்.

“யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது” என்றார் அதிகாரி. “யாராவது கேட்டா நீ ஆறாவதுதான்.”

“பதினொண்ணாவதுல உட்கார்ந்துக்கிட்டா சார்?”

“ஆமா. ஆழமா உட்காரு.”

அவள் சான்றிதழை மடித்து எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள். இப்போது பக்கத்து ஊரில் அறிவியல் படிக்கிறாள். அங்கே மின்சார மணியாம்; தானாக அடிக்கிறதாம்.

இந்த வருஷம் எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளையும் இல்லை. ஆறாம் வகுப்பில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். மீசை முளைத்த பையன்கள் மடக்கி உட்காரமுடியாமல் காலை வெளியே நீட்டிக்கொண்டு முக்கோணவியல் படிக்கிறார்கள். மைக் முதல் வரிசை. இன்னும் இறங்குவதற்கு இடம் கேட்டு மூன்று மாவட்டத்துப் பெற்றோர்கள் சிபாரிசுக் கடிதத்தோடு கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். மணியடிக்கிற பதவியை ஒழித்துவிட்டதாக ஆணை வந்துவிட்டது. மூன்றாம் பீரியடு நடந்துகொண்டிருக்கிறது.

இதையெல்லாம் உங்களிடம் சொன்னது நான்தான் என்று மட்டும் வெளியே காட்டிக்கொள்ளாதீர்கள். எனக்கு யாரிடமும் பயமில்லை. டை கட்டுகிற பள்ளியில் எட்டாவது படிக்கிற என் பேரனை இங்கே ஆறாவதுக்கு இறக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டிருக்கிறேன். காத்திருப்போர் பட்டியலில் 317. பார்த்துச் செய்வதாகத் தலைமை எழுத்தர் சொல்லியிருக்கிறார். இந்த நேரத்தில் அவர் மனம் கோணக்கூடாது.